ஏழாவது டேக்

மெம்ஃபிஸ்
9 மார்ச் 1998

அன்புள்ள வெர்லீன்,

ஆண்டவர் கிருபையால் நானும் என் முழங்காலும் ஒருவிதமாக ஒத்துப் போய்க்கொண்டிருக்கிறோம். ரத்த அழுத்தம் போன மாதத்தைவிடப் பரவாயில்லை. உனக்கு டயாலிசிஸ் வாரம் மூன்று நாள்தானே, நான்காகிவிடவில்லையே? யோலாண்டா உன்னோடு வந்து தங்கியிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். போனை எடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் அடித்துத் திருத்தவாவது முடிகிறது. இது மூன்றாவது பிரதி.

போன செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து நைஜல் ஹார்க்கர் என்பவர் கூப்பிட்டார். பழைய பாட்டுகளைத் தேடியெடுத்து இசைத்தட்டாக வெளியிடும் சிறிய கம்பெனி நடத்துகிறார். ஸ்டுடியோ முதலாளி பேஜெட் இறந்த பிறகு அவருடைய மகன், வண்டிக் கொட்டகையில் கிடந்த ஸ்டுடியோ டேப்புகளை மொத்தமாக இவருக்கு விற்றுவிட்டான். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து இருந்ததால் அந்தக் கையெழுத்துக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறார். பகலில் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக் கொடுத்துவிட்டு மாலையில் பேஜெட் ஸ்டுடியோவில் பெட்டிகளுக்குப் பெயர் எழுதி அடுக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

வெர்லீன், அந்தப் பெட்டிகளில் நீ பாடியதும் இருக்கிறது. 1967 அக்டோபரில் பாடினாயே, அந்த மூன்று பாட்டு. அழியவில்லை. முழுசாக இருக்கிறது.

"இந்தப் பொண்ணு யாரு சார்? இப்படி ஒரு குரல் எங்க போய் ஒளிஞ்சுது?" என்று அவர் கேட்டார். என் தங்கை என்றேன்.

எந்தப் பெட்டியில் இருந்தது என்பதெல்லாம் நீண்ட கதை. இப்போது அது அவசியமில்லை. வெளியிடுவதற்கு உன் கையெழுத்து வேண்டுமாம். யோசித்து எழுது. உப்பைக் குறை.

ஞாயிறுதோறும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் அண்ணன்,
எமரி


டெட்ராய்ட்
20 மார்ச் 1998

அன்புள்ள அண்ணா,

முழங்காலை நான் விசாரித்ததாகச் சொல். எனக்கு அதே மூன்று நாள்தான். ஊசி குத்திய கை வீங்கிக் கிடக்கிறது. எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பது என் கண்ணுக்காக, பெருமைக்காக இல்லை.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பிறகு யோலாண்டாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நான் தவறாகப் படித்திருப்பேனோ என்று பயம். அவள் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பாடுவியா? பாத்திரம் தேய்க்கிறப்பக்கூட நீ முனகி நான் கேட்டதில்லையே," என்றாள். பெற்ற பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு. அவளுக்கே தெரியாது.

அண்ணா, அழிந்துவிட்டது என்று நீயே அல்லவா வந்து சொன்னாய்? அப்பா வீட்டுச் சமையலறையில் நான் சர்க்கரைவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். நீ தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றாய். "ஹோலிஸ் கேட்டுப் பாத்தானாம். இந்தக் குரல் சர்ச்சுக்குத்தான் லாயக்கு, தட்டுல போட்டா விக்காதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். டேப்பை அழிச்சு வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு," என்றாய். ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை. கத்தி எந்தக் கையில் இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சர்ச்சுக்குத்தான் லாயக்கு. பேண்டோடு வந்து என்னைப் பாட வைத்தவனே போட்ட அந்தப் பிச்சையை நான் ஏன் வாங்க வேண்டும்? அதனால் சர்ச்சிலும் பாடவில்லை. முப்பது வருஷமாக மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனதே அந்த யந்திரங்களின் சத்தத்துக்காகத்தான். அங்கே யாரும் யாரையும் பாடச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அழித்துவிடச் சொல்லி ஹோலிஸ் பீவர்ஸ் உத்தரவு போட்ட பிறகும் அதைக் காப்பாற்றியது யார்? பேஜெட்டா? அவர் அவ்வளவு நல்லவர் இல்லையே. யாராக இருந்தாலும் அந்தக் கைக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும்.

எந்தப் பெட்டியில் இருந்தது? நீண்ட கதையாக இருந்தால் என்ன, எனக்கு நாற்காலியில் நான்கு மணி நேரம் சும்மா உட்காரும் வேலைதான். எழுது.

அன்புடன்,
வெர்லீன்


மெம்ஃபிஸ்
14 ஏப்ரல் 1998

அன்புள்ள வெர்லீன்,

உன் 20ஆம் தேதிக் கடிதம் 25ஆம் தேதி கிடைத்தது. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் சளி. பிறகு ஈஸ்டர் வந்துவிட்டது. சபைக் கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தார் பூச ஆள் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. கை வீக்கத்துக்கு ஐஸ் வைக்கிறாயா?

நீ கேட்டதைப் பற்றி. பேஜெட் ஸ்டுடியோவில் சாமான்கள் ஒரு ஒழுங்கில்லாமல் கிடந்த காலம் அது. ஒரு டேப் இன்னொன்றின் பெட்டிக்குள் போய்விடுவது உண்டு. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு முந்தைய விஷயம், என் ஞாபகம் நம்பத்தக்கதாக இல்லை.

ஹோலிஸ் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவனை விட்டுவிடுவோமே.

ஒப்பந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டால் போதும். பீச் மரம் இந்த வருஷம் சீக்கிரமே பூத்துவிட்டது. அப்பா நட்டது, இன்னும் நிற்கிறது.

உன் நலம் வேண்டும்,
எமரி


மெம்ஃபிஸ்
15 ஏப்ரல் 1998

மதிப்புக்குரிய திரு. ஹார்க்கர் அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒப்பந்தத்தை என் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். அவள் மறுக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் தொழில் தெரிந்தவன் அல்ல, டேப்புகளை அடுக்கி வைத்தவன் மட்டுமே. ஆகவே இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதியும்போது ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு எண்ணை மைக்கில் சொல்வது வழக்கம். அந்தக் குரல் என்னுடையது. பாட்டு முடிந்த பிறகும் சில பேச்சுகள் பதிவாகியிருக்கும். கேட்பவர்களுக்கு அவற்றால் பயன் எதுவும் இல்லை. குறிப்பாக இரண்டாவது பாட்டின் ஏழாவது டேக்குக்குப் பிறகு வரும் பேச்சு. அதை நீக்கிவிட்டால் பாட்டு அழகாக முடியும் என்பது என் தாழ்மையான கருத்து.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். காரணம் தெரியவில்லை என்று குறித்துக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
எமரி லேதன்


டெட்ராய்ட்
6 மே 1998

அன்புள்ள மாமா,

யோலாண்டா எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் ரத்தக் கசிவு. மூன்று வாரம் எழுதவோ படிக்கவோ கூடாதாம். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். திருத்தக் கூடாது என்று உத்தரவு. உங்கள் சளி போய்விட்டதா?

'அண்ணா, கையெழுத்துப் போட்டுட்டேன். கண்ணு தெரியாம கோட்டுக்கு வெளிய போயிருச்சு, ஏத்துக்குவாங்களான்னு கேளு.

'போன வாரம் டயாலிசிஸ் நாற்காலியில உக்காந்திருக்கேன், என்னமோ சத்தம் வருது. மிஷின்ல கோளாறுன்னு நெனச்சேன். பாத்தா நான்தான் முனகிட்டிருக்கேன். நர்ஸ் வந்து, "மிஸ் வெர்லீன், வலிக்குதா?" ன்னா. "வலி இல்லடி, பாட்டு"ன்னேன். "அப்ப சத்தமாப் பாடுங்க, இங்க டிவி ரிப்பேரு"ன்னா. பாடலை. ஆனா வாய் வரைக்கும் வந்துச்சு.

'ஹோலிஸை விட்டுருவோம்னு எழுதியிருக்க. நீ விடுவே, உனக்கென்ன. உனக்கும் அப்பாவுக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. அவன் என்னைக் கட்டிக்கிறதா இருந்தான். கிறிஸ்துமஸுக்கு அப்பாகிட்ட வந்து கேக்குறதா இருந்தது. பாட்டு நல்லால்லேன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். ஊருக்குக் கிளம்பிப் போறப்ப அண்ணன்காரன்கிட்ட சொல்லிட்டுப் போனான் பாரு, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியலை.

'அறுபத்தொம்பது ஜனவரியில இங்க வந்தான். பனி முழங்கால் வரைக்கும் கொட்டிக் கிடக்கு. மெம்ஃபிஸ்ல போடுற மெல்லிசு ஷூ போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறான். நான் கதவைத் திறக்கலை. "வெர்லீன், ஒரே ஒரு கேள்வி, கேட்டுட்டுப் போயிடறேன்"ங்கிறான். "கதவுக்கு அந்தப் பக்கம் நின்னே கேளு"ன்னேன். "நீ ஏன் பாடுறதை விட்டே?" ன்னான். கேக்குறான் பாரு கேள்வி. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. சத்தமா சிரிச்சேன், அவனுக்குக் கேக்கட்டும்னு. ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் ஒரு காகிதப் பையைப் படியில வெச்சுட்டுப் போனான். அவங்க வீட்டு மரத்துப் பீக்கன் கொட்டை. அப்படியே அணிலுக்குக் கொட்டிட்டேன்.

'அவன் மேல கோவம் இன்னும் தீரலை. செத்தவன் மேல கோவப்படுறது பாவமான்னு உங்க பாஸ்டரைக் கேட்டு எழுது.

'பெட்டி எதுன்னு நீ இன்னும் சொல்லலை.'

இவ்வளவுதான் அவள் சொன்னது. மாமா, இதில் ஒரு வரிகூட அவள் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. கடிதத்தை மடிக்கும்போது, "மாமாகிட்ட சொன்னா பத்திரமா வெச்சுக்குவார், அவர் எதையும் தூக்கிப் போடாத ஆளு," என்றாள்.

அன்புடன்,
யோலாண்டா


லண்டன்
15 ஜூன் 1998

மதிப்புக்குரிய திரு. லேதன் அவர்களுக்கு,

உங்கள் உடல்நலம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை என்று உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டுக்கொண்டபடியே இசைத்தட்டில் பேச்சுப் பகுதிகளை நீக்கிவிடுகிறோம். ஆனால் குடும்பத்தாருக்குப் பழைய குரல்கள் எவ்வளவு அருமையானவை என்பது அனுபவத்தில் எனக்குத் தெரியும். ஆகவே டேப் முழுவதையும், எதையும் வெட்டாமல், கேசட்டில் பதிந்து உங்கள் தங்கைக்குப் போன வாரம் அனுப்பிவைத்தேன். பெட்டிக்குள் இருந்த உங்கள் கையெழுத்துத் தாளின் நகலையும், பெட்டியின் மேலட்டையின் நகலையும் அதோடு வைத்தேன். 'ரெவரெண்ட் லேதன், ஈஸ்டர் பிரசங்கம், 1966' என்று எழுதிய பெட்டியில் அவருடைய மகளின் காதல் பாட்டுகள் கிடைத்த கதை அவருக்குச் சிரிப்பூட்டும் என்று நினைத்தேன்.

வணக்கத்துடன்,
நைஜல் ஹார்க்கர்


மெம்ஃபிஸ்
23 ஜூன் 1998

அன்புள்ள வெர்லீன்,

உன் கண் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆனால் என் மனம் அதில் இல்லை.

கேசட் உனக்கு வந்திருக்கும். கேட்டிருப்பாய். ஏழாவது டேக் முடிந்து, தாளச் சத்தம் அடங்கும் வரை யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஹோலிஸ் பேசுவான். "இதான். வாத்தியாரே, இதை எல்லாத்துக்கும் மேல வை. நான் இப்பவே பேண்டோட கிளம்பணும், நீ நாளைக்குப் பேஜெட் கையில கொடுத்துடு. இதுக்கு மேல ஒரு பாட்டு இந்த ஊர்ல எடுக்க முடியாது." அதற்கு ஒரு ஆள் பதில் சொல்வான். "சரிங்க."

அது நான்.

நான் பேஜெட்டிடம் கொடுக்கவில்லை. பாட்டு தேறவில்லை, டேப்பை அழித்து வேறு பதிவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஹோலிஸ் சொன்னதாக அவரிடம் சொன்னேன். டேப் விலை அதிகம், அப்படி அழிப்பது வழக்கம்தான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உன்னிடம் வந்து நான் சொன்னது உனக்கு நினைவிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஹோலிஸ் திரும்பி வந்தபோது நீ டெட்ராய்ட் போய்விட்டாய். அவனிடம், பாடுவதில்லை என்று நீயே முடிவு செய்து டேப்பை அழிக்கச் சொன்னதாகச் சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டார், வெர்லீன். உன் பாட்டு வெளியே வந்தால் பிரசங்க மேடையில் நிற்க முடியாது என்றார். பெட்டிகள் எல்லாம் உன் கையில்தானே இருக்கின்றன என்றார். அப்பாவை எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்கு என்றும் இருந்ததில்லை.

உன் மன்னிப்பைக் கேட்கும் தகுதி உண்டா என்று தெரியாத,
எமரி


மெம்ஃபிஸ்
10 ஆகஸ்ட் 1998

அன்புள்ள வெர்லீன்,

ஏழு வாரமாகிறது. தபால்காரரிடம் இரண்டு முறை விசாரித்தேன். அவர் மேல் பிழை இல்லை. யோலாண்டாவிடமிருந்தாவது உன் உடம்பைப் பற்றி ஒரு வரி வந்தால் போதும்.

போன கடிதத்தில் நான் எழுதியது உண்மை அல்ல. திருத்த வேண்டியிருக்கிறது.

அப்பா எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. பதிவு நடந்த மறுநாள் காலை அவருக்கு நான் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். "உன் தங்கச்சி பாட்டு ரேடியோவுல எப்ப வரும்னு தெரிஞ்சா எனக்கு முன்னாடியே சொல்லு. ஜன்னலைச் சாத்திட்டு, சத்தத்தைக் கொறச்சு வெச்சு கேக்கணும். சபைக்குத் தெரிய வேண்டாம்," என்றார். இறக்கும் வரைக்கும் இரண்டு மூன்று தடவை அதைக் கேட்டார். அழிந்துவிட்டது என்று அவரிடமும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

செத்தவர் மேல் பழி போட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஹோலிஸ் உயிரோடு இருந்தபோதே அவன் மேல் போட்ட பழி முப்பது வருஷம் நிலைத்தது.

காரணம் இதுதான். ஆறாவது டேக்குக்கும் ஏழாவதுக்கும் நடுவில் டேப்பை நிறுத்தியிருந்தேன். மைக் மட்டும் திறந்திருந்தது. நான் காதில் ஹெட்ஃபோன் போட்டிருப்பதை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். "இது மட்டும் ஓடிருச்சுன்னா லாஸ் ஏஞ்சலஸ் போயிடலாம்," என்றான் ஹோலிஸ். "அண்ணன் தனியா என்ன பண்ணும்?" என்றாய் நீ. "வாத்தியாருக்கென்ன, அவருக்கு அவரோட பெட்டிங்க இருக்கு," என்றான். இரண்டு பேரும் சிரித்தீர்கள். கெட்ட சிரிப்பு இல்லை. என் மேல் பிரியம் உள்ளவர்களின் சிரிப்புதான். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

சர்ச்சுக்குத்தான் லாயக்கு என்ற வாக்கியம் ஹோலிஸுடையது அல்ல. உன்னைச் சர்ச்சிலாவது நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று நானே யோசித்து அமைத்தது. நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரைவிட்டே போவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

டேப்பை அழிக்கும் யந்திரத்தின் முன் மூன்று தடவை வைத்தேன். கை வரவில்லை. அப்பாவின் பிரசங்கப் பெட்டியில் போட்டேன். அதை யாரும் திறந்து கேட்க மாட்டார்கள் என்று தெரியும். உள்ளே வைத்த தாளில் ஏழாவது டேக்குக்கு நேராக நட்சத்திரம் போட்டிருக்கிறேன், நகலில் பார்த்திருப்பாய். பொய் சொன்ன அதே வாரத்தில் தாளில் மட்டும் சரியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கைக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை நான் திரும்பப் படிப்பதில்லை.

28ஆம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன் எதிரில் நின்று இதையெல்லாம் சொல்ல வேண்டும். வரலாமா என்று ஒரு வரி எழுது.

எமரி


டெட்ராய்ட்
20 ஆகஸ்ட் 1998

அண்ணா,

கண் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. இதை வேறு கையால் எழுத வைக்க விருப்பமில்லை.

கேசட்டைப் பதினொரு தடவை கேட்டேன். முதலில் என் குரலைத்தான் கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறேன். அதை எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவன் பேசினான். அதே நிமிஷத்தில் சொல்லியிருக்கிறான். நான் அந்த நேரம் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தேன் போல.

நான் கதவைத் திறக்காமல் சிரித்தேனே, அதை என்ன செய்வது? உனக்குத் தெரிந்தால் எழுது. நீ படித்தவன்.

லண்டன்காரரிடம் யோலாண்டாவை விட்டுப் பேசச் சொன்னேன். அந்தப் பேச்சை வெட்டக் கூடாது. ஹோலிஸ் சொன்னது முழுவதும் தட்டில் இருக்க வேண்டும். நீ சொன்னதும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டு வெளிவர வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டுவிட்டார்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வர வேண்டாம்.

வெர்லீன் லேதன்


மெம்ஃபிஸ்
26 ஆகஸ்ட் 1998

அன்புள்ள வெர்லீன்,

உன் கடிதம் கிடைத்தது. கண் தெளிந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி.

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தட்டைப் பற்றி நீ செய்த முடிவு நியாயமானது.

டிக்கெட்டை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் விருப்பப்படியே வரவில்லை. இனி உனக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன்.

எமரி


டெட்ராய்ட்
19 நவம்பர் 1998

மாமா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எழுத அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகிறது. தட்டு அடக்கத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. அவள் அதைக் கையில் தொடவில்லை. உங்களுக்கு ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சில விஷயங்களை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செப்டம்பரிலிருந்தே அவள் வெள்ளிக்கிழமை தோறும் கீரையும் சோளரொட்டியும் கூடுதலாக ஆக்கச் சொன்னாள். "யாரு வரா?" என்று கேட்டேன். "யாரும் வரலை. ஆக்குன்னா ஆக்கு," என்றாள். மெம்ஃபிஸ் பஸ் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாலு மணிக்கு நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்வாள். ஆறு மணி ஆனதும், "சரி, எடுத்து மூடி வை," என்பாள். அக்டோபர் கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"வர வேண்டாம்னு நீதானேம்மா எழுதின?"

"நான் எழுதுவேன். கோவத்துல எதை வேணாலும் எழுதுவேன். அதுக்கும் அவரு சரின்னுடணுமா? வாழ்க்கையில ஒரு தடவை, ஒருத்தருக்காவது, முடியாதுன்னு சொல்லத் தெரியாதா எங்க அண்ணனுக்கு?"

"நான் போன் போட்டு வரச் சொல்லட்டா?"

"நீ சொன்னா வருவார். யாரு என்ன சொன்னாலும் செய்யுற ஆளுதான். அப்படி வர வேண்டாம்."

நவம்பர் மூன்றாம் தேதி போனாள்.

நான் உங்களுக்குப் போனில் சொன்னபோது, முடியவில்லையென்றால் அடக்கத்துக்கு வர வேண்டாம் என்றேன். ஒரு மரியாதைக்குச் சொன்னது. நீங்கள் "சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

சர்ச்சில் அவளுடைய பாட்டைப் போட்டோம். முப்பது வருஷம் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண்களுக்கு அது யார் குரல் என்று தெரியவில்லை. சொன்னதும் ஒருத்தி தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்து, ஹோலிஸ் பேசி, கடைசியில் அந்தக் குரலும் வந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வயதான பெண் என் காதருகே குனிந்து, "அது யாரு கண்ணு, கடைசியில 'சரிங்க'ன்னது?" என்று கேட்டாள்.

"எங்க மாமா," என்றேன்.

"வந்திருக்காரா?"

இல்லை என்றேன்.

யோலாண்டா


மெம்ஃபிஸ்
28 நவம்பர் 1998

அன்புள்ள யோலாண்டா,

உன் 19ஆம் தேதிக் கடிதமும் தட்டும் 24ஆம் தேதி கிடைத்தன. நீ நலமா என்று கேட்கிறேன். நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

தட்டை நேற்று வைத்துக் கேட்டேன். ஜன்னலைச் சாத்தவில்லை. பாட்டு இரண்டு நிமிடம் ஐம்பத்தோரு விநாடி. அதன் பிறகு பேச்சு பதினான்கு விநாடி. அதில் என் குரல் ஒரு விநாடிகூட இல்லை. இவ்வளவு சிறியது என்று எனக்குத் தெரியாது.

ஹோலிஸின் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பின்பக்கத்துப் பீக்கன் மரம் இருக்கிறது. காய் உதிரும் சமயம். கதவைத் தட்டி, பொறுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். முன்பின் தெரியாத வீட்டுக் கதவை நான் தட்டியது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஒரு காகிதப் பை நிறையக் கிடைத்தது.

டிசம்பர் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அங்கே வந்து இறங்குகிறேன். இப்போது வந்து என்ன பயன் என்று நீ கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. நீ பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். அவளை வைத்திருக்கும் இடத்தை நானே விசாரித்துப் போய்க்கொள்வேன்.

என்னைப் பார்க்க உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வர வேண்டாம் என்று நீ எழுதக்கூடும். எழுதினாலும் வருகிறேன்.

உன் மாமா,
எமரி